முள் எடுத்த பாட்டு

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை. கொமாரோம் நகரத்துத் ‘தங்கக் கெளுத்தி’ உணவகத்தில் இருபத்தைந்தாம் வருஷ வெள்ளிக் கல்யாண விருந்து முடிந்து, கடைசி விருந்தாளியும் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசிக்கும் டெஜோ பின்னறைக் கதவைத் திறந்து, “எலெமெர் அண்ணே, எந்திரிங்க. மீன் சூப்பு ஆறிப்போகுது” என்றான்.

புராய் எலெமெர் எழுந்திருக்கவில்லை. அந்த வாத்தியக் குழுவின் முதல் வயலின் அவர். ஊரில் பாதிப் பேரின் கல்யாணத்துக்கும், மீதிப் பேரின் சாவுக்கும் வாசித்தவர். சோபாவில் மல்லாந்து படுத்திருந்தார். கழற்றிய ஷூக்கள் ஒழுங்காக ஜோடி சேர்ந்து கிடந்தன. பக்கத்து முக்காலியில் காப்பி ஆடை கட்டிக்கிடந்தது. டெஜோ தோளைத் தொட்டான். தொட்ட கையை உடனே எடுத்துவிட்டான்.

ஆறு மணிக்கெல்லாம் லெப்டினென்ட் எதெல்கா வந்துவிட்டாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் வாத்தியக்காரத் தெருவில் பிறந்தவள். அவளுடைய அப்பா இதே குழுவில் ஆளுயரத் தந்தி வாத்தியமான பாஸ் வாசித்தார். மகள் போலீஸில் சேர்ந்த அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு வணக்கம் மட்டும்தான், காப்பி கிடையாது. அப்பாவின் குழிமேட்டில் வந்து நின்று வாசித்தது இந்த எலெமெர்தான்.

குனிந்து பார்த்தாள். கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள். மீசையில் இரண்டு மூன்று பஞ்சு இழைகள். மூச்சை அடைத்துக் கொன்றிருக்கிறார்கள். ஏதாவது தோன்றும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சரி என்று அறையைப் பார்த்தாள்.

சுவரில் ஓர் ஆணி. அதில் சிம்பலோமின் உறை தொங்கியது. கால் வைத்த பெட்டியில் கம்பிகளை இழுத்துக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சிகளால் தட்டும் வாத்தியம் சிம்பலோம். அதற்கு மெத்தை போலத் தைத்த உறை உண்டு. பஞ்சு பிதுங்கும் உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்தது. பஞ்சில் ஓரிடம் ஈரமாக இருந்து காய்ந்த அடையாளம்.

“இதாலதான்” என்றாள்.

அவளுடைய மேலதிகாரி மேஜர் ஹர்ஷானி கதவருகே நின்று தலையாட்டினார். அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. “சிம்பலோம் வாசிக்கிறவன் யாரு?”

“ஜிகா.”

“எங்க?”

ஜிகா அங்கே இல்லை. கடைசிப் பாட்டு முடிந்த கையோடு போய்விட்டான். புடாபெஸ்ட் ரயில் கிளம்பும் முன் நடைமேடையில் பெட்டியோடு பிடித்தார்கள்.

*

திங்கள் காலை. ஜிகாவுக்கு இருபத்து நாலு வயது. கைகளை மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“ஏன் ஓடினே?” என்றாள் எதெல்கா.

“ஓடலக்கா. போனேன். புடாபெஸ்ட்ல ஒரு குழுவுல எடம் கெடைச்சிருக்கு.”

“எலெமெர் மாமாகிட்ட சொன்னியா?”

“மத்தியானம் வாசிக்க ஒக்காரதுக்கு முன்னாடி சொன்னேன். ‘என் குழுவ விட்டுப் போறவன் கை வெளங்காது’ன்னாரு. எல்லாரும் கேட்டாங்க.”

“இடைவேளையில அவர் ரூமுக்குப் போனியா?”

“காப்பி கொண்டுபோனேன். சமாதானம் பண்ணலாம்னு.”

“ஆனாரா?”

“கண்ண மூடிட்டே ‘வெச்சிட்டுப் போடா கழுத’ன்னாரு.” ஜிகா லேசாகச் சிரித்தான். “அவர்ட்ட அதுதான்க்கா சமாதானம்.”

“கெளம்பும்போது சிம்பலோம மூடிட்டுதானே போகணும்? உறைய எடுக்க ஏன் போகல?”

“மறுபடி எழுப்பி மறுபடி திட்டு வாங்கவா? டெஜோ மாமாகிட்ட மூடச் சொல்லிட்டுப் போனேன்.”

வெளியே வந்ததும் மேஜர் விரல் விட்டு எண்ணினார். சண்டை போட்டான். கடைசியாக உள்ளே போனான். உறை அவனுடையது. மறுபடி அந்த அறைக்குள் போகப் பயந்தான். ஊரை விட்டுக் கிளம்பினான். “வியாழக்கிழமை வழக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகட்டும். உங்க தெரு ஆளுங்கிறதால நீங்க தடுமாறக் கூடாது, எதெல்கா.”

“தடுமாறல, தோழர் மேஜர்” என்றாள். உண்மைதான். தடுமாறுவதற்குக்கூட அவளுக்குள் எதுவும் அசையவில்லை. ஆனால் அந்த உறை மட்டும் உறுத்தியது. கம்பியில் தூசி படக் கூடாது என்று அதன் உள்பக்கத்தை வெளியே காட்டவே மாட்டான் சிம்பலோம்காரன். தூக்கத்தில் மாட்டினாலும் சரியாகத்தான் மாட்டுவான்.

அடுத்து யெனோ. எலெமெரின் தம்பி, இரண்டாவது வயலின். ஐம்பத்தெட்டு வயது. அண்ணனின் இடது தோளுக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவர்.

“இடைவேளையில எங்க இருந்தீங்க, மாமா?”

“கொல்லையில. கரிக் கொட்டகை பக்கத்துல சிகரெட் புடிச்சிட்டிருந்தேன்.”

“யாராவது பாத்தாங்களா?”

“பூனை பாத்துச்சு. அதக் கூப்பிட்டுக் கேளு.”

“பின்னறைக்குப் போனீங்களா?”

“எதுக்கு? ஞாயித்துக்கெழமைன்னா சாப்பாட்டு நேரத்துல அவரு படுப்பாரு. எந்திரிச்சா வருவாரு. வரலேன்னா நான் முன்னாடி நிப்பேன். எழுப்பினா வில்லாலயே ரெண்டு போடுவாரு. உனக்குத் தெரியாததா, எதுஷ்?” சின்ன வயதில் தெரு அவளைக் கூப்பிட்ட பெயர் அது.

“ரெண்டாம் பாதியில என்ன வாசிச்சீங்க?”

“எப்பவும் வாசிக்கிறதுதான். அந்த மாட்டு டாக்டர், வெள்ளிக் கல்யாணக்காரரு, அண்ணனோட பாட்டக் கேட்டாரு. பண நோட்டை எடுத்து வில்லுல சொருகிட்டாரு. அப்புறம் மாட்டேன்னு சொல்ல முடியுமா? வாசிச்சேன்.”

“அவர் செத்தது உங்களுக்கு எப்ப தெரியும்?”

“எல்லாருக்கும் தெரிஞ்சப்பதான். டெஜோ கத்தினப்ப.”

டெஜோ அந்த இடைவேளை முழுக்க அடுக்களையில் பாஸ்காரனோடு உட்கார்ந்து வாத்துக் கால் கடித்துக்கொண்டிருந்தான். சமையல்காரி சாட்சி. எத்தனை கால் என்றுகூடச் சொல்ல வந்தாள். எதெல்கா கையமர்த்திவிட்டாள்.

“ரெண்டாம் பாதி எப்டி இருந்துச்சு, மாமா?”

டெஜோ தோளைக் குலுக்கினான். “சப்புன்னு இருந்துச்சும்மா. நான் என்னத்தக் கண்டேன். முன்னாடி நிக்கிறவன் வில்லு எங்க போகுதோ அங்க என் கை போகும். வயோலாக்காரனுக்குச் சொந்த புத்தி கெடையாது. இருந்தா வயோலா வாசிப்பானா?”

*

அன்று மதியம் மாட்டு டாக்டரின் மகன் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். விருந்து முழுவதையும் பதிவு செய்திருந்தான். மேஜரும் எதெல்காவும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். இரண்டாம் பாதி முழுக்க எல்லா வாத்தியங்களும் இருந்தன; யாரும் நடுவில் எழுந்து போகவில்லை. ஆக, கொலை நடந்தது இடைவேளையில்.

தட்டுச் சத்தம், சிரிப்பு, பிறகு மாட்டு டாக்டரின் கனத்த குரல்: “எலெமெரோட பாட்டு. அவரு தூங்கினா என்ன, பாட்டு தூங்குமா?”

தெருவில் ஒவ்வொரு வாத்தியக்காரனுக்கும் சொந்தமாக ஒரு பாட்டு உண்டு. எலெமெருடையது உட்கார்ந்து கேட்பதற்கான பாட்டு, ஆடுவதற்கல்ல. யெனோவின் வயலின் தொடங்கியது. பாட்டு சாதுவாக, தலை குனிந்து நடந்து போனது. வயோலா கூடவே போனது. சிம்பலோம் மட்டும் ஒவ்வொரு அடியின் முடிவிலும் வேறு ஒரு சுரத்தில் போய் இடித்தது. மூன்று இடத்தில் கேட்கவே கரகரவென்று இருந்தது.

“கேக்குதா?” என்றார் மேஜர். “கை நடுங்குது. கொல பண்ணின கை.”

எதெல்காவுக்கும் அது கேட்டது. குறிப்பில் ‘சிம்பலோம் பிசகுகிறது’ என்று எழுதினாள். அந்தப் பாட்டைக் கேட்டாலே அப்பா கண் துடைப்பார். அவள் கேசட்டை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினாள்.

*

செவ்வாய் மாலை. புராய் வீட்டில் கண்ணாடிகளுக்குத் துணி போட்டிருந்தார்கள். சவப்பெட்டி நடுவில். துக்கத்துக்கு வந்தவர்கள் சுவரோரம் உட்கார்ந்து பாலிங்கா என்ற பழச்சாராயம் குடித்தார்கள். எதெல்கா உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. எலெமெரின் மனைவி மார்கிட் நாற்காலியை நகர்த்தி, “ஒக்காரு. நீ ஒண்ணும் வேத்தாள் இல்ல” என்றாள். பேச்சு மறுபடி தொடங்கியது.

“ஜிகாவ விட்டுருவாங்களா?” என்று மார்கிட் தாழ்ந்த குரலில் கேட்டாள். “அந்தப் பையனா பண்ணுவான்? எம்மனுஷன் திட்டாத நாள்ல அவனுக்குச் சோறு எறங்காது.”

“வியாழக்கிழமை வரைக்கும்தான் என் கையில இருக்கு, அத்தை.”

“அன்னிக்குத்தான் அடக்கமும்” என்றாள் மார்கிட்.

யெனோ எழுந்து பெட்டியின் கால்மாட்டில் நின்று அண்ணனின் பாட்டை வாசித்தார். சாதுவாக, தலை குனிந்து நடந்து போனது பாட்டு.

பாஸ்காரனின் மனைவி தெருவுக்குப் புதுசு. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. “இது மாமாவோட பாட்டுதானே? என்னமோ மாதிரி இருக்கே” என்று மார்கிட்டின் காதில் கேட்டாள்.

“முள்ள எடுத்துட்டு வாசிக்கிறாங்கடி.”

முள் என்று தெரு சொல்வது, பாட்டின் ஒவ்வொரு அடியிலும் ஏறி நிற்கும் அந்த ஒரு சுரத்தை. நம் காதுக்குச் சொல்வதானால், எலெமெரின் பாட்டு சிம்மேந்திரமத்திமம். அதில் மத்திமத்தை மட்டும் ஒரு படி கீழே இறக்கினால் கீரவாணியாகிவிடும். ஒரே ஒரு சுரம்தான். ஆனால் குத்துவது அதுதான்.

“ஏன் எடுக்கணும்?”

“செத்தவன் பாட்டுல முள்ளு இருந்தா, அவன் தன்னைக் கூப்பிடுறாங்கன்னு திரும்பிப் பாப்பான். போக மாட்டான். குழிய மூடினப்புறம் மேட்டுல நின்னு முள்ளத் திருப்பி வெப்பாங்க. அதுவரைக்கும் நம்ம தெருவுல எவன் கையும் அந்த முள்ளத் தொடாது.”

எதெல்காவுக்கு இதெல்லாம் தெரியும். அப்பா செத்தபோது ஐந்து நாள் அவருடைய பாட்டை முள் இல்லாமல்தான் கேட்டாள். சாவு வீட்டில் அப்படிக் கேட்பதுதான் காதுக்குச் சரி. அதனால்தான் நேற்று கேசட்டிலும் அது சரியாகவே கேட்டது.

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

நேற்று அவள் கேட்டபோது எலெமெர் செத்துப்போயிருந்தார். கேசட் பதிவானது ஞாயிற்றுக்கிழமை. அப்போது எலெமெர் தூங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். எல்லோருமா?

யெனோ வாசித்து முடித்துவிட்டு வில்லைத் தாழ்த்தினார். எதெல்கா அவரைப் பார்க்கவில்லை. மார்கிட்டின் கையைத் தொட்டு, “நாளைக்குக் காலைல ஓட்டலுக்கு வாங்க அத்தை” என்றாள்.

*

புதன் காலை. மேஜைகளின் மேல் நாற்காலிகள் கவிழ்ந்திருந்தன. ஒரே ஒரு மேஜையைச் சுற்றி மார்கிட், யெனோ, டெஜோ, மேஜர். ஜிகாவை இரண்டு போலீஸ்காரர்கள் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எதெல்கா இரண்டு கேசட்டுகளை மேஜையில் வைத்தாள். “இது ஈஸ்டருக்கு இதே எடத்துல ஒரு விருந்தாளி பதிவு பண்ணினது. அன்னிக்கும் எலெமெர் மாமா தூங்கிட்டாரு. யெனோ மாமாதான் அவரு பாட்ட வாசிக்கிறாரு.”

பொத்தானை அழுத்தினாள். பாட்டு வந்தது. முள் ஒவ்வொரு அடியிலும் நறுக்கென்று ஏறி நின்றது.

“இது போன ஞாயித்துக்கெழமை.”

பாட்டு வந்தது. சாதுவாகப் போனது. சிம்பலோம் இடித்தது.

“ரெண்டும் ஒண்ணுதானே” என்றார் மேஜர்.

டெஜோ தன் இடது கையை ஏதோ வேறொருவனுடைய கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்கிட் கண்ணை மூடியிருந்தாள். ஜிகாதான் வாய் திறந்தான். “நான் அன்னிக்கு நெனச்சேன், யெனோ மாமாவுக்குக் குடி கொஞ்சம் ஏறிடுச்சுன்னு. முள்ளு எங்க போச்சுன்னு தெரியாம நான் பாட்டுக்கு வெச்சிட்டிருந்தேன்.”

“வெச்சே” என்றாள் எதெல்கா. “அவரு உசுரோட இருக்காருன்னு நீ நெனச்சே. அதனால வெச்சே. தோழர் மேஜர், கை நடுங்குதுன்னு சொன்னீங்க. அந்த மேடையில அன்னிக்குச் சரியா வாசிச்சது அவன் ஒருத்தன்தான். கொன்னுட்டு வந்து ஒக்காந்த எங்க தெரு ஆளு எவனும் அந்தச் சொரத்தத் தொட்டிருக்க மாட்டான்.”

“டெஜோ தொடலையே?”

“அவரு வயோலா. முன்னாடி போறவர் பின்னாடி போவாரு. முன்னாடி போனவர் ஒருத்தர்தான்.”

யெனோ சிகரெட் பெட்டியைத் திறந்தார். மூடினார்.

“மாமா, டெஜோ கத்தினப்பதான் தெரியும்னு சொன்னீங்க. அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே, உங்க அண்ணன் பாட்டுல இருந்து நீங்க முள்ள எடுத்துட்டீங்க. செத்தவர் பாட்டாத்தான் அத வாசிச்சீங்க. தற்செயலாப் போய்ப் பாத்திருந்தா கத்தியிருப்பீங்க. கொல்லையில பூனையோட இருந்தேன்னு எங்கிட்ட கதை சொல்லியிருக்க மாட்டீங்க.” அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “அந்த உறைய உள்பக்கம் வெளிய தெரிய மாட்டினது சிம்பலோம்காரன் இல்ல. அந்தப் பஞ்சு மேல அக்கறை இல்லாத ஒருத்தர்.”

அடுக்களையில் யாரோ தட்டு கழுவினார்கள்.

“டாக்டர் நோட்டைச் சொருகினதும் கொல்லாம கொன்னுட்டான்” என்றார் யெனோ. “வேற பாட்டு வாசிக்கலாம்னு பாத்தேன். விடல. சரி, எப்பவும் போல வாசிச்சிருவோம்னுதான் எடுத்தேன், எதுஷ். அந்த எடம் வந்துச்சு. வெரல் போகல. பக்கத்து ரூம்ல படுத்திருக்காரு. முள்ள வெச்சா எந்திரிச்சு வந்து கதவுல நிப்பாருன்னு தோணிருச்சு.”

“எதுக்கு?” என்று மார்கிட் கேட்டாள். கண்ணைத் திறக்கவில்லை.

“ஸ்டாக்ஹோம்ல ஒரு ஓட்டல்ல ஒரு வருஷம் வாசிக்கக் கூப்பிட்டாங்க, அண்ணி. அவரு வயசாச்சு, வர முடியாதுன்னாரு. நான் முன்னாடி நின்னு கூட்டிட்டுப் போறேன்னேன். ‘நான் மண்ணுக்குள்ள போனப்புறம் நீ முன்னாடி நில்லு’ன்னாரு. எல்லார் முன்னாலயும் சொல்லுவாரு, எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். ஞாயித்துக்கெழமை இடைவேளையில கடைசியா ஒரு தடவ கேட்டுப் பாப்போம்னு போனேன். கண்ணக்கூடத் தொறக்காம அதையே சொன்னாரு. கோவம்கூட வரல. உறை கையில இருந்துச்சு.”

மேஜர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு சுரத்தை வைத்து அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்பது அவர் கவலை. யெனோவே வாக்குமூலம் கொடுத்து அந்தக் கவலையைத் தீர்த்துவைத்தார். ஜிகாவின் கைவிலங்கை எதெல்காவே கழற்றினாள். அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு யெனோவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

வியாழக்கிழமை குழியை மூடினார்கள். தூறல். தெரு முழுக்க வந்திருந்தது. பூக்களை வைத்த பிறகு எல்லோரும் மேட்டைச் சுற்றி நின்றார்கள். யார் முள்ளைத் திருப்பி வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பாட்டை முன்னால் நின்று வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் உள்ளே கிடந்தார். இன்னொருவர் காவல் நிலையத்தில் இருந்தார்.

காலையில் யெனோ ஆள் விட்டுக் கேட்டிருந்தார்: விலங்கோடு வந்து வாசித்துவிட்டுப் போகட்டுமா என்று. முடிவை எதெல்கா மார்கிட்டிடம் விட்டாள். மார்கிட் தலைச்சீலையைக் கட்டிக்கொண்டே, “வேணாம்” என்றாள். “அவன் வாசிச்சா எம்மனுஷன் நெசமாவே திரும்பிப் பாப்பாரு.”

டெஜோ வயோலாவைத் தோளில் வைத்தான். பாஸ்காரன் பின்னால் நின்றான். ஜிகா ரயிலைத் தள்ளிப்போட்டிருந்தான். கழுத்தில் பட்டை போட்டுத் தொங்கவிடும் சின்ன சிம்பலோமோடு நின்றான். மூவரும் தொடங்கினார்கள். பாட்டு இல்லை. பாட்டுக்குக் கீழே எப்போதும் ஓடும் துணை மட்டும். வயலின் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அதில் மழை பெய்தது.

அந்த இடம் வந்தது. டெஜோவின் கை நகர்ந்தது. முன்னால் யாரும் போகாமலேயே, அவன் விரல்கள் தாமாக, முள்ளுக்குக் கீழே துணையாகச் சேர்ந்தொலிக்க வேண்டிய சுரக்கட்டுக்குப் போயின. முள்ளை யாரும் வாசிக்கவில்லை. ஆனால் மேட்டைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. பாஸ்காரனின் புது மனைவிக்குக்கூடக் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

எதெல்காவுக்கும் கேட்டது. அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. ஆனால் நான்கு நாளில் முதல் தடவையாக எங்கோ வலித்தது. அது போய்விடக் கூடாது என்று அசையாமல் நின்றாள்.

மாலையில் யெனோவின் கையெழுத்துக்காகத் வாக்குமூலத் தாள்களை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் அவர் இருந்த அறைக்குப் போனாள். அவர் பேனாவைத் தொடவில்லை.

“முள்ள வெச்சாச்சா?”

“வெச்சாச்சு.”

“யாரு?”

“டெஜோ.”

“வயோலாவுலயா?” அவர் யோசித்தார். “வயோலாவுல அந்தப் பாட்டு வராதே.”

“பாட்டு வாசிக்கல, மாமா. கீழ இருக்கிறத மட்டும்தான் வாசிச்சாங்க. எல்லாருக்கும் கேட்டுச்சு.”

யெனோ இடது கையை மேஜை மேல் வைத்தார். நான்கு விரல்களும் கம்பியில் நிற்பது போல வளைந்து நின்றன. மூன்றாவது விரல் மெதுவாக, அரை அங்குலம் முன்னே நகர்ந்து அழுத்தியது. அழுத்தியபடியே இருந்தது. எதெல்கா தாள்களை அவர் பக்கம் தள்ளாமல் அந்த விரல் எழும்வரை காத்திருந்தாள்.